நான்கு நூல்களும், எழுதப்படாத ஐந்தாவது நூலும்

வாசகர்களே, ஒரு தொழிற்சாலையில் எரிசக்தியைச் சேமிப்பவர் யார் என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? முதலாளி என்பீர்களா? பொறியாளர் என்பீர்களா? விடை சொல்லுமுன் ஒரு காட்சியை மனத்தில் கொண்டு வாருங்கள்.

காலை ஆறு மணி. கொங்கு நாட்டில் ஒரு சாயப்பட்டறை. விறகு எரியும் கொதிகலன் முன்னே ஒருவர் நிற்கிறார். பட்டறையில் எல்லோரும் அவரை 'பயர்மேன்' என்றே அழைப்பார்கள். விறகை எப்போது போடுவது, எவ்வளவு போடுவது, காற்று வரும் டேம்பரை எவ்வளவு திறப்பது, அடியில் படிந்த சேற்று நீரை எப்போது வெளியேற்றுவது என்பவற்றை அவர் கை முடிவு செய்கிறது. நாளொன்றுக்கு எரியும் பல டன் விறகில் ஒரு டன் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படிப்பட்ட ஒருவரோடு அரை மணி நேரம் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. டேம்பர் முழுவதும் திறந்திருந்தது. "ஏன் அண்ணா இவ்வளவு திறந்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "காற்று கூடினால் புகை தெளியும் தம்பி. புகை தெளிந்தால் நல்லா எரியுதுன்னு அர்த்தம். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பட்டறையில் அதற்கு முந்தைய ஆண்டு எரிசக்தித் தணிக்கை ஒன்று நடந்திருந்தது. மிகைக் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற பரிந்துரை அறிக்கையில் தெளிவாக இருந்தது. ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் மேலாளரின் அலமாரியில் இருந்தது. அலமாரிக்கும் கொதிகலனுக்கும் இடையே ஐம்பது அடி தூரம்கூட இராது.

இந்த ஐம்பது அடியைப் பற்றியே இக்கட்டுரை. இதற்கு நான் எடுத்துக் கொண்டவை நம் நாட்டில் எரிசக்திச் சிக்கனம் பயில்வோர் எல்லோரும் கையில் எடுக்கும் நான்கு நூல்கள்.

நூல்கள் பிறந்த கதை

நம் நாடாளுமன்றம் 2001ஆம் ஆண்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 2002 மார்ச் 1ஆம் தேதி எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. எரிசக்தியை மிகுதியாகப் பயன்படுத்தும் பெரிய ஆலைகள் 'குறிப்பிட்ட நுகர்வோர்' என்று வகைப்படுத்தப்பட்டன. அவை ஒவ்வொன்றும் தகுதி பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். தணிக்கைக்கும் உட்பட வேண்டும்.

தகுதி என்றால் அதற்கு ஒரு தேர்வு வேண்டுமன்றோ? 2004ஆம் ஆண்டில் எரிசக்தி மேலாளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்குமான தேசியத் தேர்வு தொடங்கிற்று. தொடக்கத்தில் இதை நடத்தும் பொறுப்பு தேசிய உற்பத்தித்திறன் கழகத்திடம் இருந்தது. இத்தேர்வுக்கெனத் தொகுக்கப்பட்டவையே இந்நான்கு வழிகாட்டி நூல்கள். முதல் நூல் எரிசக்தி மேலாண்மையின் பொதுக் கூறுகளைச் சொல்கிறது. இரண்டாவது கொதிகலன், உலை, நீராவிக் குழாய் முதலிய வெப்பச் சாதனங்களைப் பற்றியது. மூன்றாவது மோட்டார், அமுக்கக் காற்று, விசிறி, பம்பு முதலிய மின் சாதனங்களைப் பற்றியது. நான்காவது இவற்றின் செயல்திறனை அளந்து மதிப்பிடும் முறைகளைக் கற்பிக்கிறது. நான்கும் ஆங்கில நூல்கள். பிற்காலத்தில் திருத்தப் பதிப்புகளும் கண்டன. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

பாராட்ட வேண்டியவை

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்வதே முறை. இந்நூல்கள் பாராட்டுக்கு உரியவை. பொறியியல் பாடநூல்களில் பல, சமன்பாட்டைத் தந்துவிட்டு மாணவனைக் கைவிட்டு விடும். இவையோ சமன்பாட்டைத் தந்து, அளவீட்டைத் தந்து, ரூபாய்க் கணக்கு வரை கொண்டு போய் விடுகின்றன. ஓர் ஆலைக்குள் நுழைபவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எந்தக் கருவியைக் கொண்டு எதை அளக்க வேண்டும் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் இந்திய நூல்கள் குறைவு.

சான்றாக அமுக்கக் காற்றுப் பகுதியை எடுத்துக் கொள்வோம். கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 30 சதவீதமே பயன்படும் இடத்தை அடைகிறது என்றும், மீதி பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடுகிறது என்றும் நூல் கூறுகிறது. காற்று வாசனையற்றது, நிறமற்றது, ஒழுகினால் தரையை நனைப்பதில்லை. ஆகவே அது 'சும்மா' கிடைப்பது என்ற எண்ணம் பட்டறைகளில் பரவியிருக்கிறது. அந்த எண்ணத்தை உடைக்க நூல் ஓர் எளிய சோதனையைக் கற்பிக்கிறது. அதை நான் என் கணக்கில் சொல்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

விடுமுறை நாளில், காற்றைப் பயன்படுத்தும் எந்த இயந்திரமும் ஓடாத வேளையில், கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். குழாயில் அழுத்தம் உரிய அளவை எட்டியதும் கம்ப்ரசர் சுமையின்றிச் சுழலும். ஒழுக்கால் அழுத்தம் இறங்கியதும் மீண்டும் சுமையேற்கும். சுமையோடு ஓடும் நேரம் 2 நிமிடம், சுமையின்றி ஓடும் நேரம் 6 நிமிடம் என்று கைக்கடிகாரம் காட்டுவதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 8 நிமிடத்தில் 2 நிமிடம்; அதாவது கால் பங்கு. யாருமே பயன்படுத்தாத வேளையில் கம்ப்ரசர் தன் திறனில் கால் பங்கு வேலை செய்கிறது என்றால், அந்தக் கால் பங்கும் ஒழுக்கே!

கம்ப்ரசரின் திறன் நிமிடத்துக்கு 10 கன மீட்டர் என்றால் ஒழுக்கு 2.5 கன மீட்டர். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றை வழக்கமான அழுத்தத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6 கிலோவாட் வேண்டும். ஆகவே ஒழுக்குக்கு மட்டும் 15 கிலோவாட் செலவு. நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 72,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். இதைத் தடுக்கத் தேவையானவை சோப்புத் தண்ணீர், ஒரு தூரிகை, சில கிளாம்புகள், ஒரு ஸ்பானர்.

அருமையான பாடம்! ஆனால் இங்கேதான் என் கேள்வி எழுகிறது. சோப்புத் தண்ணீரையும் ஸ்பானரையும் பிடிக்கப் போகிறவர் யார்? தேர்வு எழுதித் தேறிய எரிசக்தி மேலாளரா?

படிக்கப்படுபவரும் பேசப்படுபவரும்

இந்நூல்களைப் புரட்டும்போது ஒரு செய்தி மெல்ல மெல்லப் புலப்படும். இவற்றில் இயந்திரங்கள் நிறைய உண்டு. அவற்றை அளப்பவரும் உண்டு. அவற்றை நாள் முழுவதும் இயக்குபவரைப் பற்றியும் பேச்சு உண்டு. ஆனால் அவரை நோக்கிய பேச்சு இல்லை.

'தேர்வுக்கென எழுதிய நூலில், தேர்வு எழுதாதவரைத் தேடுவது நியாயமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலாளருக்கு எழுதிய நூல் மேலாளரோடு பேசுவதில் தவறில்லை. என் குறை அந்நூல்கள் மீது அன்று. அவற்றோடு வரிசை முடிந்து போயிற்றே என்பதில்தான். தேர்வுக்குள் நுழையப் பொறியியல் பட்டமோ, பட்டயமோ, அறிவியலில் உயர் பட்டமோ, அதற்குமேல் சில ஆண்டு அனுபவமும் வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து இருபது ஆண்டு கொதிகலனோடு வாழ்ந்தவருக்கு அந்த வாசல் கட்டப்படவில்லை. மேல் படிகள் நன்றாக அமைந்த ஏணி இது. கீழ்ப் படிகள் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வரலாற்றில் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 1863ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதனையிடச் சட்டம் வந்தது. பின்னர் 1923இல் நாடு முழுமைக்கும் கொதிகலன் சட்டம் வந்தது. 2025இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது. இந்தச் சட்ட மரபில் ஒரு நல்ல பழக்கம் வேரூன்றியது. கொதிகலனை இயக்குபவரே தேர்வு எழுதித் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். அத்தகையவர் பொறுப்பிலேயே அது இயங்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். கொதிகலன் வெடிக்கும் என்ற அச்சம் வந்தபோது, அரசு கொதிகலன் முன் நிற்பவரைத் தேடிப் பிடித்துத் தேர்வு வைத்தது. மாடியில் இருக்கும் மேலாளர் படித்தால் போதும் என்று விடவில்லை. கொதிகலன் எரிபொருளை வீணாக்குகிறது என்ற கவலை வந்தபோதோ, மாடியில் இருப்பவருக்கே முதலிடம் தந்தோம். வெடிப்பு ஒரு நொடியில் நிகழ்வது; வீணடிப்பு ஆண்டு முழுவதும் சத்தமின்றி நிகழ்வது. இரண்டையும் தடுக்கும் கை ஒன்றே.

'கை'க்குக் காரணம் தெரிய வேண்டுமா?

'தொழிலாளிக்குச் செய்முறை போதும், காரணம் எதற்கு?' என்று சில மேலாளர்கள் கேட்பதுண்டு. 'டேம்பரைப் பாதி மூடு' என்று சுவரில் எழுதி வைத்தால் ஆயிற்று என்பது அவர்கள் எண்ணம். இது எவ்வளவு தவறு என்பதைக் கொதிகலனைக் கொண்டே காட்டலாம்.

கணக்கு எளிதாகும் பொருட்டு விறகுக்குப் பதில் உலை எண்ணெயை எடுத்துக் கொள்வோம். ஒரு கிலோ எண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 14 கிலோ காற்று வேண்டும். உலையில் காற்றும் எரிபொருளும் முழுமையாகக் கலப்பதில்லையாகையால், இதற்குமேல் ஓரளவு காற்றைக் கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டும். அதுவே மிகைக் காற்று. புகைபோக்கியில் செல்லும் வாயுவில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால் மிகைக் காற்றைக் கணக்கிட்டு விடலாம். மிஞ்சிய ஆக்ஸிஜனை, 21இலிருந்து அதைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஆக்ஸிஜன் 5 சதவீதம் என்றால், 5ஐ 16ஆல் வகுக்க, மிகைக் காற்று 31 சதவீதம். ஆக்ஸிஜன் 10 சதவீதம் என்றால், 10ஐ 11ஆல் வகுக்க, 91 சதவீதம். ஆக்ஸிஜன் இரட்டிக்க, மிகைக் காற்று ஏறத்தாழ மூன்று மடங்காகி விட்டதைக் கவனியுங்கள்.

இந்தக் கூடுதல் காற்று என்ன செய்கிறது? வெளியே 30 டிகிரி சென்டிகிரேடில் நுழைந்து, எரிதலுக்கு உதவாமல், 220 டிகிரியில் புகைபோக்கி வழியே போகிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு 8 கிலோவுக்கு மேற்பட்ட காற்று இப்படி வெட்டியாகச் சூடேறிப் போகிறது. காற்றின் வெப்ப எண் 0.24 என்று கொண்டு பெருக்கினால் ஏறத்தாழ 380 கிலோ கலோரி. எண்ணெயின் வெப்ப மதிப்போ கிலோவுக்குப் பத்தாயிரம் கிலோ கலோரியைச் சற்றே தாண்டும். ஆகவே நூற்றுக்கு நாலு பங்கு எண்ணெய், ஊர் வானத்தைச் சூடாக்கச் செலவாகிறது!

இப்போது நம் பயர்மேனிடம் திரும்புவோம். 'புகை தெளிந்தால் நல்லது' என்ற அவர் அறிவு பொய்யன்று. கறும்புகை முழுமையற்ற எரிதலின் அடையாளமே. ஆனால் புகை தெளிந்த பிறகும் டேம்பரைத் திறந்துகொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாத இழப்பு வளர்கிறது. 'பாதி மூடு' என்ற கட்டளை ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். மறுநாள் விறகு ஈரமாக வந்தால்? மழைக்காலத்தில் விறகு மாறினால்? பட்டறையில் நீராவித் தேவை திடீரென்று கூடினால்? கட்டளை மட்டும் தெரிந்தவர் பாதி மூடியே வைத்திருப்பார், கறும்புகை வரும், உடனே பழையபடி முழுவதும் திறந்து விடுவார். காரணம் தெரிந்தவரோ நிலைமைக்கேற்ப அளவை மாற்றுவார். ஆகவே காரணமே இங்கு செய்முறையின் உயிர்.

இன்னொரு சான்று. கொதிகலனுக்குள் செல்லும் நீரின் வெப்பத்தை 6 டிகிரி உயர்த்தினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம் என்று இரண்டாம் நூல் கூறுகிறது. இதன் காரணத்தைப் பத்தாம் வகுப்பு மாணவனும் கண்டுகொள்வான். ஒரு கிலோ நீரை நீராவியாக்கச் சுமார் 600 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிலோ நீரை 6 டிகிரி சூடாக்க 6 கிலோ கலோரி போதும். அறுநூறில் ஆறு என்பது நூற்றில் ஒன்று. இவ்வளவுதான்! சாயத்தொட்டிகளின் சுருள்களிலிருந்து வரும் சூடான சுத்தநீரைச் சாக்கடையில் விடாமல் மீண்டும் கொதிகலனுக்குத் திருப்ப வேண்டும் என்பதன் பொருள் இந்த ஒரு கணக்கில் விளங்கி விடுகிறது. விளங்கியவர் அடுத்த முறை அந்தக் குழாய் உடைந்தால் மேலாளர் சொல்லும்வரை காத்திருக்க மாட்டார்.

'காயில்' கட்டும் கடையில்

ஆலைக்கு வெளியிலும் ஒரு கை இருக்கிறது. மோட்டார் எரிந்து போனால் நாம் எங்கே எடுத்துச் செல்கிறோம்? 'காயில்' கட்டும் கடைக்கு. கோவையிலும் ஏனைய தொழில் நகரங்களிலும் தெருவுக்குத் தெரு இவற்றைக் காணலாம்.

மீண்டும் காயில் கட்டிய மோட்டாரின் திறன் குறைவது இயல்பு என்று பலர் கருதுகிறார்கள். கவனமாகக் கட்டினால் திறனைக் காக்க முடியும் என்பதை மூன்றாம் நூலும் ஒப்புக்கொள்கிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை என்றும் சொல்கிறது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வும், முறையாகக் கட்டினால் திறன் குறையாது என்றே காட்டியது.

அப்படியானால் தவறு எங்கே நிகழ்கிறது? பழைய காயிலை நீக்கும் இடத்தில்! மோட்டாரின் இரும்பு உட்கரு ஒரே கட்டி அன்று. மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு இடையே மெல்லிய மின்காப்புப் பூச்சு உண்டு. சுழல் மின்னோட்டம் தகடு விட்டுத் தகடு பாயாமல் தடுப்பது அதுவே. பழைய காயிலை எளிதில் உருவுவதற்காக நேரடி நெருப்பில் காட்டினால் அந்தப் பூச்சு கருகி விடும். பிறகு எவ்வளவு அழகாகக் காயில் கட்டினாலும் உட்கரு சூடேறிக் கொண்டே இருக்கும்.

12 கிலோவாட் வேலை தரும் ஒரு மோட்டாரின் திறன் 90 சதவீதத்திலிருந்து 88க்கு இறங்கியதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 1,800 யூனிட்டுக்குமேல் கூடுதல் செலவு. 7 ரூபாய் வீதம் ஏறத்தாழ 12,700 ரூபாய். நெருப்பில் காட்டியவர் வேண்டுமென்றே இழப்பை உண்டாக்கவில்லை. வேலையை விரைவில் முடிக்கவே முயன்றார். உட்கருவின் பூச்சைப் பற்றி அவருக்குச் சொன்னவர் யார்? அவருக்கு எழுதிய நூல் எங்கே?

மறுப்புகள் சில

முதல் மறுப்பு: 'புதிய கருவிகள் வந்துவிட்டன, திறமை கருவிக்குள் இருக்கிறது, ஆளைப் பயிற்றுவானேன்?' மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியை எடுத்துக் கொள்ளுங்கள். விசிறி வேகத்தை 50 ஹெர்ட்ஸிலிருந்து 40க்குக் குறைத்தால், வேகம் 0.8 பங்கு, தேவையான மின்திறனோ 0.8இன் மும்மடி, அதாவது ஏறத்தாழ 0.51 பங்கு. செலவு பாதியாகிறது! ஆனால் கருவியைப் பொருத்திவிட்டு, ஆண்டு முழுவதும் 50 ஹெர்ட்ஸிலேயே ஓட்டினால் மிச்சம் ஏதுமில்லை; கருவியின் சொந்த இழப்பு வேறு சேரும். எப்போது குறைக்கலாம், எதுவரை குறைக்கலாம் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

இரண்டாம் மறுப்பு: 'தமிழில் கலைச்சொற்கள் இல்லை.' சென்னை கிண்டியில் 1986இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கிய தேசியப் பயிற்சிக் கருவிகள் நிறுவனம், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான தொழிற்பிரிவு நூல்களைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் பாடங்களுக்குக் கிடைத்த தமிழ், எரிசக்திச் சிக்கனத்துக்கு மட்டும் கிடைக்காமல் போகுமா? மேலும், பட்டறைத் தமிழில் டேம்பரும் காயிலும் பியரிங்கும் ஏற்கெனவே குடியேறி விட்டன. அச்சொற்களை வைத்துக்கொண்டே எழுதலாம். தடை சொல்லில் இல்லை.

மூன்றாம் மறுப்பு சற்று வலுவானது: 'பயிற்சி கொடுத்தால் ஆள் வேறு ஆலைக்குப் போய்விடுவார்.' உண்மை. தனி முதலாளி இதை எண்ணித் தயங்குவதும் இயல்பே. அதனால்தான் இப்பொறுப்பைத் தனி முதலாளியிடம் விடாமல் ஊரின் தொழில் சங்கங்களும் அரசும் ஏற்க வேண்டும். ஒரு சாயப்பட்டறையை விட்டுப் போகும் பயர்மேன் பெரும்பாலும் அடுத்த சாயப்பட்டறைக்கே போகிறார். அறிவு ஊரை விட்டுப் போவதில்லை. சில சிறுதொழில் வட்டாரங்களில் பணியகமே பயிற்சி வகுப்புகளை நடத்தச் செய்திருக்கிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் திட்டக் காலம் முடிந்ததும் நின்றுவிடும் வகுப்பு வேறு. ஆண்டுதோறும் நடக்கும் தேர்வும் சான்றிதழும் வேறு.

பிற நாட்டார் செய்தது

பிறர் அனுபவத்தையும் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் தேர்ந்த தொழிலாளர்கள் போர்முனைக்குச் சென்று விட்டனர். புதியவர்களை விரைவில் பழக்க வேண்டியிருந்தது. 1940 முதல் 1945 வரை நடந்த 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற திட்டத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் பயிற்சி பெற்றனர். அதன் கற்பிக்கும் முறை நான்கே படிகள் கொண்டது: கற்பவரை ஆயத்தப்படுத்து, செய்து காட்டிக் காரணத்தோடு விளக்கு, அவரையே செய்யவிட்டுப் பார், பின்னும் போய்க் கவனி. கற்பவர் கற்கவில்லையென்றால் அது கற்பித்தவரின் குறை என்பது அத்திட்டத்தின் அடிப்படைக் கொள்கை.

போருக்குப் பின் இம்முறை ஜப்பானுக்குச் சென்றது. அங்கே 1962 ஏப்ரலில், பேராசிரியர் இஷிகாவா முதலியோரின் முயற்சியால் ஓர் இதழ் வெளிவந்தது. தரக் கட்டுப்பாட்டைப் பற்றிய அவ்விதழ் பொறியாளர்களுக்காக எழுதப்பட்டதன்று. பட்டறை மேஸ்திரிகளுக்காக எழுதப்பட்டது. அவர்கள் தம் கைக்காசில் வாங்கும்படி விலையைக் குறைவாக வைத்தார்கள். கூடி வாசிக்கச் சொன்னார்கள். அப்படி வாசித்த குழுக்களே பின்னர் உலகப் புகழ் பெற்ற தர வட்டங்கள் ஆயின. 1979இல் ஜப்பான் எரிசக்திச் சட்டம் இயற்றி ஆலைகளில் எரிசக்தி மேலாளர்களை அமர்த்தியபோது, கீழே கேட்டுப் புரிந்துகொள்ளும் காதுகள் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன. நாமோ மேலாளரை அமர்த்திவிட்டுக் காதுகளை மறந்தோம்.

நம் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012இல் தொடங்கிய 'செயல்படு, சாதி, வணிகம் செய்' திட்டத்தின் முதல் சுற்றில், நெசவு உள்ளிட்ட 8 துறைகளின் 478 பெரிய ஆலைகள் பங்கு கொண்டன. ஏறத்தாழ 67 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான சேமிப்பு இலக்காக இருந்தது; கிடைத்ததோ ஏறத்தாழ 87 லட்சம் டன். பெருமைப்படத்தக்க வெற்றி! ஆனால் அந்த ஆலைகளில் பொறியாளர்கள் வரிசையாக இருக்கிறார்கள். நம் ஊர் வார்ப்படப் பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் விசைத்தறிக் கூடத்திலும் முதலாளியே மேலாளர், பயர்மேனே பொறியாளர். அங்கே நான்கு நூல்களும் நுழைவதில்லை.

ஐந்தாவது நூல்

ஆகவே எழுதப்பட வேண்டிய ஐந்தாவது நூல் எப்படி இருக்கலாம்? என் விருப்பத்தைச் சொல்கிறேன். அது சட்டைப் பையில் அடங்க வேண்டும். எண்ணெய்க் கை பட்டாலும் கிழியாத தாளில் இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஓர் இயந்திரம். இயந்திரத்துக்கு ஓர் அளவீடு. அளவீட்டுக்கு ஒரு காரணம். காரணம் விட்டுப் போன பக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வாசிப்பவரை அறியாதவராகக் கருதாமல், இருபது ஆண்டு அனுபவம் உடையவராகக் கருதிப் பேச வேண்டும். 'உங்களுக்குப் புகையின் நிறம் தெரியும். நிறத்துக்கு அப்பால் நிகழ்வதைச் சொல்கிறோம்' என்று தொடங்கினால் அவர் ஏன் படிக்க மாட்டார்?

அந்நூலுக்கும் ஒரு தேர்வு வேண்டும். அது தாளில் நடக்காமல் கொதிகலன் முன்பும் கம்ப்ரசர் அருகிலும் நடக்க வேண்டும். தேறியவருக்குச் சான்றிதழும் அதற்கேற்ற ஊதிய உயர்வும் வேண்டும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் ஒழுக்கை அடைத்தவருக்கு முதுகில் ஒரு தட்டு மட்டும் கிடைத்தால், அடுத்த ஒழுக்கை அவர் தேட மாட்டார்; அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலருடைய தந்தையோ மாமனோ அண்ணனோ இத்தகைய பட்டறைகளில் வேலை செய்யக் கூடும். அடுத்த விடுமுறையில் அவர்களோடு சென்று, முதலாளியின் இசைவு பெற்று, கைக்கடிகாரத்தோடு அந்த ஒழுக்குச் சோதனையைச் செய்து பாருங்கள். சுமையோடு எத்தனை நிமிடம், சுமையின்றி எத்தனை நிமிடம் என்று குறித்துக் கொள்ளுங்கள். கிடைத்த எண்ணை முதலில் முதலாளியிடம் காட்டாதீர்கள். கம்ப்ரசரைக் கவனிப்பவரிடம் காட்டி, வகுத்த முறையை விளக்குங்கள். அடுத்த மாதம் அதே சோதனையை அவரே செய்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். செய்கிறார் என்றால், ஐந்தாவது நூலின் முதல் பக்கத்தை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.